நியமமாகுமுன் நெறிமுறை

இரு கணினிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ள வேண்டுமாயின், எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும், எப்பகுதி முதலில் வரும், எப்பகுதி பின்னர் வரும், இடையில் பிழை நேர்ந்தால் மீளக் கேட்பது எங்ஙனம் என்பனவெல்லாம் முன்னரே உடன்படப்பட்டிருத்தல் வேண்டும். இவ்வுடன்பாடே நெறிமுறை எனப்படும். பலரும் ஆராய்ந்து ஏற்று, அதிகாரமுடைய அவையொன்று வெளியிட்ட நெறிமுறை நியமம் ஆகும். நியமத்தில் இல்லாத ஒரு தேவை தோன்றும்பொழுது, அதனோடு சில புதிய விதிகளைச் சேர்த்துக்கொள்வது நீட்சி. அந்நீட்சி இன்னும் அவையேறாது சோதனையிலிருக்கும் நிலையில் அதனைப் பரீட்சார்த்த நீட்சி என்பர். அது நியமமாகும் வரை காத்திருப்பதா, தேவை முந்திவிட்டமையால் முன்னரே கைக்கொள்வதா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

இது பொறியியலாளர் தம்முள் வாதிட்டு முடிக்கும் வினாவாகவே பெரும்பாலும் தோன்றும். ஆயினும் இலங்கையின் கிழக்கே, மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் ஒலுவிலும் வரிசையாக அமைந்த அம்பாறைக் கரையில், இவ்வினா மக்களின் உயிரோடு தொடர்புற்றதாயிற்று. அதனை விளக்குமுன், நீட்சி என்பதன் இயல்பை எழுத்திலிருந்தே அறிந்துகொள்ளலாம்; எழுத்தும் ஒருவகை நெறிமுறையே அன்றோ?

ஃபாத்திமா என்னும் பெயரை நோக்குக. அதன் முதலொலிக்குத் தமிழ் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. எனவே ஆய்தத்தைப் பகரத்தின் முன் நிறுத்தி எழுதும் வழக்கம் தோன்றியது. குற்றெழுத்துக்கும் உயிரோடு கூடிய வல்லெழுத்துக்கும் இடையே ஆய்தம் வரும் என்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணம். சொல்லின் முதலில் வருவதற்கு அங்கு இடமில்லை. ஆயினும் இந்நீட்சி பரவியது. பரவியமைக்குக் காரணமும் உண்டு. இதனை அறியாத ஒருவர் ஆய்தத்தை விட்டுவிட்டுப் பாத்திமா என்றே வாசிப்பார். கல்முனைப் பகுதியிற் பலரும் எழுதுவதும் அவ்வாறுதான். அறிந்தவர்க்குக் கூடுதற் பயன்; அறியாதவர்க்கு இழப்பில்லை.

அரபுத் தமிழின் நிலை வேறு. தமிழ் பேசும் முஸ்லிம்கள் அரபு எழுத்திலே தமிழை எழுதியபொழுது, அரபியில் இல்லாத தமிழொலிகளுக்காக இருக்கும் எழுத்துக்களிற் புள்ளிகள் சேர்த்துப் புதியன ஆக்கிக்கொண்டனர். பாரசீகர் பகர ஒலிக்கு மூன்று புள்ளியிட்ட எழுத்தொன்றை ஆக்கியது போன்றதே இதுவும். அரபு மட்டும் கற்றவர் இந்நீட்சியை எதிர்ப்பட்டால், தடுமாறி நிற்பார் அல்லது ஓரெழுத்தை மற்றோர் எழுத்தாக மயங்குவார். எனினும் அவ்வெழுத்தில் எழுதியோரும் வாசித்தோரும் அதனை முறையாகக் கற்ற ஒரே வட்டத்தினராயிருந்தமையால் மயக்கத்துக்கு இடம் நேரவில்லை. வட்டத்துக்குள் வழங்கும் வரை, நீட்சிக்கு வெளியவையின் அங்கீகாரம் தேவைப்படுவதில்லை.

மூன்றாவதாகக் கணினித் தமிழ். 1990களிலும் அதன் பின்னரும் இலங்கையின் தமிழ் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துருவே பெரிதும் வழங்கியது. உரோம எழுத்துக்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் உரிய எண்களிலே தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துரு அது. அவ்வெழுத்துரு உள்ள கணினியில் தமிழ் தெரியும்; இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த பொருளற்ற கோவையே தெரியும். தமிழுக்கு ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்தது. இலங்கைக் கட்டளைகள் நிறுவகம் தமிழ்க் குறிமுறைக்கான 1326-ஆம் இலக்க நியமத்தை 2008-இல் வெளியிட்டது. இடைப்பட்ட காலத்தில் தட்டெழுதப்பட்ட ஆவணங்கள் மாற்றியின் உதவியின்றி வாசிக்கவும் தேடவும் இயலாதனவாயின. இதனால் பாமினியைக் கைக்கொண்டோரைக் குறைகூறுதல் நேரிதன்று. அந்நாட் கணினிகளில் ஒருங்குறித் தமிழ் ஒழுங்காகத் தெரிந்ததில்லை. நியமத்துக்குக் காத்திருந்தால் ஒரு கடிதந்தானும் தமிழில் அச்சேறியிராது. வட்டத்துக்குள் வழங்கவேண்டியது மின்னஞ்சலின் வழியே வட்டத்தைக் கடந்தமையே இடர்.

இணையத்தின் நெறிமுறைகளை வகுப்போரும் இவ்விடரை நெடுங்காலமாக அறிந்துள்ளனர். 1982-இல் மின்னஞ்சலின் அமைப்பை வரையறுத்த ஏடு, எக்ஸ் என்னும் எழுத்தும் ஒரு சிறுகோடும் கொண்ட முன்னொட்டைப் பயனாளர் தாமே ஆக்கிக்கொள்ளும் தலைப்புக்களுக்கென ஒதுக்கியது. 'இது சோதனை, நியமமன்று' என்று அடையாளமிடும் நல்ல ஏற்பாடாகவே அது தோன்றியது. நடைமுறை மாறாக அமைந்தது. சோதனைப் பெயர் பயன் தந்து பரவியது; பரவியபின் நியமமாக்க முற்பட்டபோது எக்ஸ் நீங்கிய புதுப்பெயர் வேண்டியதாயிற்று; பழம்பெயரை அறிந்த ஆயிரக்கணக்கான கருவிகளோ அப்படியே இருந்தன. ஈற்றில் இரு பெயரையும் என்றென்றும் ஏற்கவேண்டியதாயிற்று. கோப்புக்களைச் சுருக்கி அனுப்பும் ஜிசிப் முறைக்கு எக்ஸ் உள்ள பெயரையும் இல்லாத பெயரையும் ஒன்றாகவே கொள்க என 1997-இன் வலைநெறிமுறை கூறுவது இதனாலாகும். முப்பது ஆண்டுகள் கழித்து, 2012-இல், இணையப் பொறியியற் செயலணி இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு அறிவுறுத்தியது. எச்சோதனையும் வெற்றிபெறக்கூடும் என்பதை அவ்வழக்கம் எண்ணிப்பார்க்கவில்லை.

பன்மொழித் தளப்பெயர்களின் வரலாறு இதிலும் சற்றுக் கசப்பானது. ஆங்கிலமல்லாத எழுத்திலும் இணைய முகவரிகளை அமைக்கும் முயற்சி சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ என்பாரைச் சார்ந்தோரால் 1998-இல் மேற்கொள்ளப்பட்டது. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் வெரிசைன் நிறுவனம், நியமம் முற்றுப்பெறுமுன்னரே, சீன, சப்பானிய, கொரிய எழுத்துப் பெயர்களைப் பதிவுசெய்யத் தொடங்கியது. சோதனைக்களம் என்றே அதற்குப் பெயர். ஆயினும் பெயர்கள் பணத்துக்கு விற்கப்பட்டன. 2003-இல் நியமம் வெளிவந்தபொழுது குறிமுறையும் முன்னொட்டும் வேறாயின. பதிவான பெயர்கள் யாவும் புதுமுறைக்கு மாற்றப்படவேண்டியிருந்தன. இதற்கு மாறாக, இணையப் பெயர்களுக்குரிய பன்னாட்டுக் கழகம் 2007 அக்டோபரில் பதினொரு சோதனைப் பெயர்களை மூலப்பட்டியலில் இட்டது. அவற்றுள் ஒன்று தமிழ். அதில் பரீட்சை என்னும் சொல் 'பரிட்சை' எனக் குறிலாகவே அமைந்திருந்தது. தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டியிருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். ஆயினும் அது விற்கப்படாத, எவரும் நம்பியிராத சோதனைப் பெயராதலின், 2013-இல் நீக்கப்பட்டபோது எவர்க்கும் இழப்பு நேரவில்லை. அச்சோதனையின் பயனாக 2010-இல் இலங்கை என்னும் தமிழ்ச் சொல்லே நாட்டின் உயர்தளப் பெயராகும் பேறு பெற்றது.

இனிக் கிழக்குக் கரைக்கு வருவோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், அக்கால இலங்கை நேரப்படி காலை 6.59 மணியளவில், சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலநடுக்கம் நிகழ்ந்தது. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் பதினைந்து நிமிடங்களில் தன் முதல் அறிக்கையைப் பசிபிக் நாடுகளுக்கு விடுத்தது. இந்துமாகடலுக்கோ அத்தகைய ஏற்பாடு ஏதும் இருந்ததில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் அலைகள் கிழக்குக் கரையை அடைந்தன. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் அம்பாறையே மிகப்பெரிய உயிரிழப்பைக் கண்டது. அங்கு மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோரத் தெருக்கள் முற்றாக அழிந்தன. நிலநடுக்கத்தை உலகம் அறிந்திருந்தது; நேரமும் இருந்தது; செய்தி வந்துசேரும் வழிதான் இல்லை.

அதே ஆண்டு ஏப்ரலில், அதாவது அலைகள் வருவதற்கு எட்டு மாதங்கள் முன்னர், ஒயாசிஸ் என்னும் நியம அமைப்பு பொது எச்சரிக்கை நெறிமுறையின் முதற் பதிப்பை ஏற்றிருந்தது. ஆர்ட் பொட்டெரெல் முதலிய அவசரகால அலுவலரும் வல்லுநரும் 2001 முதல் உருவாக்கிய நெறிமுறை அது. அதன் கருத்து எளிது. வானொலிக்கு ஒரு வடிவம், தொலைபேசிக்கு ஒரு வடிவம், எச்சரிக்கைச் சங்குக்கு ஒரு வடிவம் எனச் செய்தியைப் பலமுறை எழுதாமல், ஒரே வடிவில் ஒருமுறை எழுதி எல்லாக் கருவிகளுக்கும் அனுப்புதல். நிகழ்வு யாது, எத்துணை விரைவில் வரும், எவ்வளவு கொடியது, எவ்வளவு உறுதி, எப்பிரதேசத்துக்கு உரியது, மக்கள் செய்யவேண்டியது யாது என்பன தனித்தனிக் கூறுகளாக அமையும். செய்தி உண்மையானதா, ஒத்திகையா, சோதனையா என்பதைக் குறிக்கவும் அதில் ஓரிடம் உண்டு. சோதனை அடையாளத்தைப் பெயரில் ஒட்டாமல் செய்தியின் உள்ளே வைத்தமையால், ஒத்திகை முடிந்தபின் எப்பெயரையும் மாற்ற வேண்டியதில்லை. எக்ஸ் வழக்கத்தின் குறையை அறிந்தோர் இதன் நேர்த்தியை எளிதில் உணர்வர்.

அந்நெறிமுறை அப்பொழுது உலக நியமமன்று. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதனை ஏற்றது 2007-இலேதான். ஆயினும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சர்வோதய இயக்கமும், கனடாவின் சர்வதேச அபிவிருத்தி ஆய்வு நிலையத்தின் நிதியுதவியோடு, அவ்வாண்டுக்குக் காத்திராது அதனைச் சோதிக்க முற்பட்டன. சுனாமியாற் பாதிக்கப்பட்ட 32 கிராமங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. அம்பாறைக் கரையோர ஊர்கள் சிலவும் அவற்றுள் அடங்கின. மொறட்டுவையிலுள்ள சர்வோதயத் தலைமையகத்திலிருந்து செய்தி புறப்படும். செய்மதி வானொலி, மும்மொழியிலும் குறுஞ்செய்தி காட்டும் கைத்தொலைபேசி, தொலைவிலிருந்து இயக்கத்தக்க எச்சரிக்கைக் கருவி, கம்பியில்லா நிலையத் தொலைபேசி முதலியன கிராமங்களில் வைக்கப்பட்டன. 2006-இன் இறுதியிலும் 2007-இலும் ஒத்திகைகள் நடந்தன. ஒரே கருவியை நம்புவதிலும் வெவ்வேறு வழியிற் செயற்படும் இரு கருவிகளை ஒருங்கே வைத்தல் நம்பத்தக்கது என்பது அவற்றாற் பெறப்பட்ட முடிவுகளுள் ஒன்று. பின்னர் நடந்தது இதனை மேலும் உறுதிப்படுத்திற்று. செய்மதி வானொலியை வழங்கிய வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் 2008-இல் கடனடைக்க இயலாது நீதிமன்றத்தை நாடியது. அதன் சேவை மறைந்தது. செய்தியின் வடிவம் அவ்வானொலிக்கென்றே அமைக்கப்பட்டிருந்தால் அதுவும் உடன் மறைந்திருக்கும். பொதுவடிவில் இருந்தமையால் ஒரு குழாய் மட்டுமே அடைபட்டது.

முன்னரே கைக்கொண்டமையால் மாற்றங்களையும் ஏற்க வேண்டியதாயிற்று என்பதை மறைத்தல் கூடாது. முதற் பதிப்பில் நிகழ்வின் உறுதியைக் குறிக்க 'மிகவும் கூடியது' என்றொரு படி இருந்தது. 2005-இன் இரண்டாம் பதிப்பில் அது நீக்கப்பட்டு, 'கண்டறியப்பட்டது' என்னும் படி வந்தது. அனுபவத்தில் நோக்கினால் இத்திருத்தம் தக்கதே. அலை வரக்கூடும் என்பதும் அலையைக் கண்டாயிற்று என்பதும் வேறுவேறு செய்திகள். ஆயின் பழைய சொல்லை அனுப்பும் கருவிகளின் கதி யாது? அச்சொல் வந்தால் அதனைக் 'கூடியது' என்பதற்கு நிகராகக் கொள்க எனப் புதிய பதிப்பே விதித்தது. முன்னர் வந்தோரைத் தண்டியாது வழிவிட்ட இவ்வொரு வரி, நியமம் வகுப்போர் கற்கவேண்டிய பாடங்களுட் சிறந்தது.

மற்றொரு குறை இன்னும் ஆழமானது. மக்களை ஓடச் சொல்வதற்கு நெறிமுறையில் இடம் இருந்தது. ஆபத்து நீங்கியது, திரும்பலாம் எனக் குறிக்கும் தனிச்சொல் முதலிரு பதிப்புக்களிலும் இல்லை. 2007 செப்டம்பர் 12-ஆம் நாள் சுமாத்திராவின் பெங்குலுவுக்கு அருகே நிலநடுக்கம் நிகழ்ந்தபோது இலங்கையின் கரையோர மக்கள் உள்நாடு நோக்கி வெளியேறினர். பேரலை வரவில்லை. அந்நிலையில் எழும் வினா, 'எப்பொழுது வீடு திரும்பலாம்?' என்பதே. தோணியையும் வலையையும் கரையில் விட்டு வந்தவர்க்கு அது சிறிய வினாவன்று. ஆபத்து நீங்கியதைக் குறிக்கும் சொல் 2010-இன் மூன்றாம் பதிப்பிலே சேர்க்கப்பட்டது. வெறுந்தாளில் எழுதிய வரைவு இதனை உணர்த்தியிராது. பயன்படுத்தியோரின் கருத்துரைகளைக் கேட்டு ஆக்கப்பட்டதே அப்பதிப்பு.

மொழியைப் பற்றிய விதி தனியே நோக்கத்தக்கது. ஒரே எச்சரிக்கையினுள் சிங்களத்துக்கு ஒரு பகுதி, தமிழுக்கு ஒரு பகுதி, ஆங்கிலத்துக்கு ஒரு பகுதி என வைக்க நெறிமுறை இடந்தருகின்றது. ஆயினும் மொழியைக் குறித்தல் கட்டாயமன்று; குறிக்காவிடில் அது அமெரிக்க ஆங்கிலமாகக் கொள்ளப்படும். எனவே தமிழ்ப் பகுதிக்கு மொழிக்குறி இட மறந்த அலுவலர், தம்மை அறியாமலே அதனை ஆங்கிலம் என்று அறிவித்தவராவார். தமிழ்க் கருவி அதனைத் தனக்குரியதன்று எனக் கடந்துபோகக்கூடும்.

தமிழ்ப் பகுதி ஒழுங்காக அமைந்ததென்றே கொள்வோம். கைத்தொலைபேசிக்கு அது குறுஞ்செய்தியாக வரவேண்டும். ஒரு குறுஞ்செய்தி கொள்ளும் அளவு 140 எண்மிகள். ஆங்கில எழுத்துக்கு ஏழு துகள் போதுமாதலின் 160 எழுத்துக்கள் அடங்கும். ஒருங்குறிக்குப் பதினாறு துகள் வேண்டுமாதலின் 70 மட்டுமே அடங்கும். அதிலும் தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். கல்முனை என்பது வாசிப்பவர்க்கு நான்கு எழுத்து, கருவிக்கு ஏழு. 'சுனாமி எச்சரிக்கை. உடனே கடற்கரையை விட்டு உயர்ந்த இடத்துக்குச் செல்லுங்கள்.' இதனைவிடச் சுருங்கக் கூறுதல் அரிது. ஆயினும் கருவியின் கணக்கில் இது 74 ஆகின்றது. நான்கு மிகுந்தமையால் செய்தி இரண்டாகப் பிளவுபடும். பிளவுபட்ட ஒவ்வொரு பகுதியிலும் 67 மட்டுமே இடம்பெறும். எண்ணிப்பார்த்தால், முதற்பகுதி 'செல்ல' என்பதோடு நின்று, உகரக்குறி அடுத்த பகுதியின் முதலில் அநாதையாகத் தொங்கும். இரு பகுதிகளையும் இணைக்கவல்ல கருவியாயின் தீங்கில்லை. இரண்டாவது தாமதித்தால் முதலாவதும் காத்துக் கிடக்கும்.

இக்குறையைத் தீர்க்கவும் ஒரு நீட்சி வந்தது. கைத்தொலைபேசி நியமங்களை வகுக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பு, தன் ஒன்பதாம் வெளியீட்டில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குத் தனி அட்டவணைகளை அமைத்தது. செய்தியின் தலைப்பில் 'இது தமிழ் அட்டவணை' என்று குறித்துவிட்டால், ஏழு துகளிலேயே தமிழெழுத்து அடங்கும். ஒரு செய்தியில் 155 இடம் கிடைக்கும். மேற்காட்டிய எச்சரிக்கை இருமுறை எழுதத்தக்க இடம். இது பரீட்சார்த்தமானதன்று, முற்றுப்பெற்ற நியமமே. எனினும் கரையோர எச்சரிக்கைக்கு இதனை நம்புதல் ஆகாது. அட்டவணையை அறியாத தொலைபேசி அக்குறிப்பைப் பொருட்படுத்தாது, எண்களை ஆங்கில எழுத்துக்களாகவே காட்டும். பாமினியின் பழைய துன்பம் அப்படியே திரும்பி வரும். யாருடைய கையில் எத்தொலைபேசி உள்ளது என்பதை அனுப்புபவர் அறியார். கணக்குத் தவறிய அலுவலகம் நாளை ஒரு திருத்தம் அனுப்பலாம். கடற்கரையில் நின்று பொருளற்ற எழுத்தைக் கண்டவருக்கு அந்நாளை இல்லாது போகலாம்.

ஆகவே நியமம், பரீட்சார்த்தம் என்னும் பெயர்களை மட்டும் கொண்டு ஒன்றின் தகுதியை மதித்தல் பொருந்தாது. உலக நியமமாகாத பொது எச்சரிக்கை நெறிமுறையை 2006-இற் கைக்கொண்டது துணிவாயினும் தீங்கற்றது; ஏனெனில் அதன் ஒரு கூறை அறியாத கருவி அக்கூறை மட்டும் விட்டுவிட்டு எஞ்சியதை வாசிக்கும். உள்ளூர்த் தேவைக்கான கூடுதற் குறிப்புக்களுக்கென்றே அதில் ஒரு தனியிடமும் உண்டு. அயல்நாட்டுக் கருவி அவற்றைத் தாண்டிச் செல்லும். ஃபாத்திமாவைப் பாத்திமா என வாசிப்பது போன்றது அது. நியமமேயாகிய தமிழ் அட்டவணையோ அறியாதவர் கையில் செய்தி முழுவதையும் அழித்துவிடும். பரீட்சார்த்த நீட்சியைக் கைக்கொள்வோர் முதலில் ஆராயவேண்டியவர் அதனை அறிந்த பயனாளர் அல்லர், அறியாத பயனாளரே.

எந்நெறிமுறையும் முழுதாகக் கடக்காத தூரமொன்றும் எஞ்சியுள்ளது. கல்முனைக் கரையிலே தொலைபேசி கையில் இல்லாதவருக்கும் உறங்குபவருக்கும் செய்தியைச் சேர்ப்பது ஒலிபெருக்கி. பள்ளிவாசலிலோ கோயிலிலோ இருந்து ஒருவர் வாசிக்கவேண்டியது, எச்சரிக்கையின் அறிவுறுத்தல் என்னும் கூறு. அக்கூறைத் தமிழில் எழுதுவதற்கு இயந்திரம் எதனையும் நெறிமுறை தரவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் அமர்ந்து ஆங்கிலத்திலிருந்தோ சிங்களத்திலிருந்தோ பெயர்த்தாக வேண்டும். நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் இடையிலுள்ள அந்த இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான பொழுதிலிருந்தே அவருடைய நிமிடங்களும் கழிக்கப்படுகின்றன. இதனை அறிந்து, அறிவுறுத்தல் வாசகங்களை மும்மொழியிலும் முன்னரே எழுதி வைத்து, ஊர்ப்பெயரையும் நேரத்தையும் மட்டும் அவ்வேளையில் நிரப்பும் முறை எச்சரிக்கைப் பணியாளரிடையே வேரூன்றி வருகின்றது.